வீணை கற்ற கிதார்

2020 ஜனவரி கடைசியில் 'இஸ் தட் ஸோ?' என்று ஓர் இசைத்தொகுப்பு வந்தது. மூன்றே பேர். கிதார் ஜான் மெக்லாக்லின், குரல் சங்கர் மகாதேவன், தபலா ஜாகிர் உசேன். மொத்தம் ஆறு பாடல்கள். மெக்லாக்லினுக்கு அப்போது 78 வயது. இரண்டு மாதத்துக்குள் ஊரடங்கு வந்துவிட்டதால் அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. ஜாஸ் ரசிகர்களுக்கு அதில் ஜாஸ் போதவில்லை, கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு அது சினிமா மாதிரி இருந்தது. எனக்கும்தான். முதல் தடவை கேட்டபோது, நன்றாகப் பாடுகிற ஒருவருக்குக் கீழே யாரோ மெத்தை விரித்துக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. கிதார் என்று சொல்கிறார்கள், காதில் விழுவது பாதி நேரம் வயலின் கூட்டம் போல நீண்டு பரவும் சின்தசைசர் ஒலி. தந்தியைச் சுண்டும் வேகத்துக்குப் பேர்போன மனிதர் இப்படிப் பின்னால் நின்றுகொண்டு என்ன செய்கிறார் என்று மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி திறந்தது மதுரையில், ஊரடங்கு மாதங்களில். பகல் முழுக்க வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை, சாயங்காலம் மொட்டை மாடி. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடப்பேன். பக்கத்து மாடியில் ஒரு பாட்டு டீச்சர் வற்றல் எடுக்க வருவார். எழுபது வயதிருக்கும். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக் கொடுத்தவர். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருநாள் கேட்டார்.

"யாரு தம்பி பாடுறது? நம்ம சங்கர் மகாதேவனா?"

"ஆமா டீச்சர். கிதார் ஒரு வெள்ளைக்காரர். ஜான் மெக்லாக்லின்னு."

கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "நல்லாத்தான் பாடுறாரு. ஆனா அவருக்குக் கீழ தரை நகந்துக்கிட்டே இருக்கேப்பா."

பிறகு வற்றல் முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, போகிற போக்கில் ஒன்று சொன்னார். "இவரு வீணை கத்துக்கிட்டவருதானே. எங்க ராமநாதன் சார்ட்ட."

நான் பத்து வருடமாக மெக்லாக்லின் கேட்கிறவன். அவர் பிறந்தது 1942இல் யார்க்‌ஷயரில், 1969 பிப்ரவரியில் நியூயார்க் வந்த சில நாட்களிலேயே மைல்ஸ் டேவிஸுடன் 'இன் எ சைலன்ட் வே' பதிவில் உட்கார்ந்தார், 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்தார், எல்லாம் தெரியும். வீணை கற்றார் என்பதும் எங்கோ படித்ததுதான். ஆனால் யாரிடம் என்று கேட்டுக்கொண்டதே இல்லை. 'ஓர் இந்திய ஆசிரியரிடம்' என்று கண் தாண்டிப் போயிருந்தது. அந்த ஆசிரியர் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தல்லாகுளம் பக்கம் சத்குரு சங்கீத வித்யாலயத்தில் முதல்வராக இருந்தவர் என்று பக்கத்து மாடி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

டாக்டர் எஸ். ராமநாதன். 1917இல் விழுப்புரம் பக்கம் வளவனூரில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். வாய்ப்பாட்டு, வீணை இரண்டும் உண்டு. மேடையில் சபையை அதிர வைக்கிற வித்துவான் என்று யாரும் அவரைச் சொல்வதில்லை. அவர் பெயரை ஆசிரியராகவும் ஆய்வாளராகவும்தான் கேட்க முடியும். எஸ். சௌம்யா, உன்னிகிருஷ்ணன் எல்லாம் அவரிடம் கற்றவர்கள். வீணைக் கலைஞராகவும் தமிழ் எழுத்தாளராகவும் இருந்த கீதா பென்னட் அவருடைய மகள். 1985இல் சங்கீத கலாநிதி, 1988இல் மறைவு. மதுரைக்கு எம்.எஸ். உண்டு, மணி ஐயர் உண்டு, சோமு உண்டு. அந்த வரிசையில் ராமநாதன் பெயரை இந்த ஊரில் நான் கேட்டதில்லை. பிறந்த ஊரும் இதுவல்ல, பெயருக்கு முன்னால் 'மதுரை' என்று போட்டுக்கொண்டதும் இல்லை. அது காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சின்ன ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறுபதுகளில் ராபர்ட் பிரவுன் என்பவர் அங்கே ஒரு காரியம் செய்தார். மற்ற நாட்டு இசையைப் புத்தகத்தில் படிக்காமல் அந்தந்த நாட்டு வித்துவான்களையே கூட்டிவந்து உட்கார வைத்துக் கற்க வேண்டும் என்றார். பிரவுனே மிருதங்கம் கற்றவர். பாலசரஸ்வதியின் தம்பிகளான டி. ரங்கநாதன் மிருதங்கமும் டி. விஸ்வநாதன் புல்லாங்குழலுமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ராம்நாட் கிருஷ்ணன் பாடிக் காட்டினார். பின்னால் அதே வளாகத்தில் ஜாஸ் டிரம்மர் எட் பிளாக்வெல் ஆசிரியராக வந்தார். ஒரு அறையில் வர்ணம், அடுத்த அறையில் டிரம்ஸ் என்று கற்பனை செய்துகொள்ள எனக்குப் பிடிக்கும். அங்கேதான் ராமநாதன் சொல்லியும் கொடுத்தார், தானும் மாணவராக முனைவர் பட்ட ஆய்வும் செய்தார். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் இரைச்சலுக்கு நடுவே நியூயார்க்கிலிருந்து இரண்டு மணி நேரக் கார் தூரத்தில் இருந்த அந்த ஊருக்கு வந்து மெக்லாக்லின் வீணை கற்றதும் எழுபதுகளின் அந்த முதல் ஆண்டுகளில்தான்.

வீணையும் கிதாரும் பார்க்க உறவுக்காரர்கள் மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் தெரியும். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் நான் கிதார் வைத்துக்கொண்டு 'நகுமோ' வாசிக்க முயன்று கேலிக்கு ஆளானவன், அதனால் இதை அனுபவத்தில் சொல்கிறேன். வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும். தந்தி மெட்டின் மேல் உயரமாக நிற்கும், விரலுக்குக் கீழே மரம் தட்டாது. ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த ஸ்வரம், அதற்கடுத்ததும்கூட வரும். கமகம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. கிதாரில் விரல் நேராகப் பலகையில் போய் மோதும். கொஞ்சம் வளைக்கலாம், அவ்வளவுதான். மரம் உராய்ந்து பிடித்துக்கொள்ளும்.

மெக்லாக்லின் அந்த மரத்தைச் செதுக்க வைத்தார். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பலகை கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். அதனால் விரலுக்குக் கீழே காற்றுதான், வீணையில் இருப்பது போல. அவருக்காக ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் கிப்ஸன் நிறுவனத்தில் செய்த கிதாரில் இன்னொன்றும் இருந்தது. ஒலித்துளைக்குக் குறுக்காக ஏழு துணைத் தந்திகள். வாசிக்கும்போது இடையிடையே அவற்றைத் தடவிவிட்டால் சுருதி பின்னால் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். கிதாருக்குள்ளேயே ஒரு குட்டித் தம்பூரா. இரண்டு கழுத்து உள்ள மின் கிதாரோடு நின்றவர், இப்போது அந்த மர கிதாரை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பழைய ராக் ரசிகர்கள் பலருக்குக் கோபம்.

அந்தக் குழுதான் சக்தி. வயலின் எல். சங்கர், அவரும் வெஸ்லியன் ஆள். தபலா ஜாகிர் உசேன். கடம் விக்கு விநாயக்ராம். மிருதங்கம் ராம்நாட் ராகவன். 1975 ஜூலை 5ஆம் தேதி லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் வாசித்ததைப் பதிவு செய்து அடுத்த வருடம் முதல் தட்டாக வெளியிட்டார்கள். அதைக் கேட்காதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்க் கேட்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ராகவன் அதற்குப் பிறகு குழுவில் தொடரவில்லை என்பதால் பல குறிப்புகளில் அவர் பெயர் விட்டுப்போகும். பெயரிலிருக்கும் 'ராம்நாட்' நமக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கும் ராமநாதபுரம். கடத்தைப் பொறுத்தவரை, இன்னும் பக்கம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் ஒரு மணி நேரத்தில் மானாமதுரை. வைகைக் கரை மண்ணில் செய்யும் அந்த ஊர்க் கடம் கனமானது, சுவர் தடிமன், தட்டினால் உலோகம் மாதிரி கணீரென்று கேட்கும். விரலுக்குத்தான் சிரமம். அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். பாட்டு பாடுகிறவருக்குத் தரும் விருதை மண் மிதிக்கிறவருக்கும் தரத் தோன்றியதே, அதைச் சொல்ல வேண்டும்.

ராமநாதனுக்குத் திரும்புகிறேன். வெஸ்லியனில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் சிலப்பதிகாரத்தில் இசை. அதற்கு முன்பே, 1956இல், 'சிலப்பதிகாரத்து இசை நுணுக்க விளக்கம்' என்று தமிழில் ஒரு நூல் எழுதியிருந்தார். 1974இல் முனைவர் பட்டம். அந்த ஆங்கில ஆய்வை 1979இல் நூலாக வெளியிட்டது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். ஆக, கனெக்டிகட் குளிரில் ஒரு கிதார்காரருக்கு வீணை சொல்லிக் கொடுத்த அதே ஆண்டுகளில் அந்த ஆசிரியரின் மேஜையில் விரிந்து கிடந்தது மதுரை எரிந்த கதை.

அந்தக் கதையில் இசைக்காரர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஆய்ச்சியர் குரவை. மதுரைக்கு வெளியே ஆயர் சேரி. உறை ஊற்றிய பால் தோயவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, கெட்ட சகுனம். கண்ணகியைப் பார்க்க வைத்து மாதரி குரவை ஆட ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி ஆளுக்கொரு ஸ்வரத்தின் பெயர் வைக்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் என்ற பெண்ணுக்குக் கண்ணன் வேடம், இளிக்குப் பலராமன், துத்தத்துக்கு நப்பின்னை. இன்றைய கணக்கில் குரலும் இளியும் ச, ப. ஆட்டம் நடக்கும் நேரத்தில் ஊருக்குள் கோவலனைக் கொன்றுவிடுகிறார்கள். ஆடுகிறவர்களுக்கு அது தெரியாது.

இந்த வட்டம் வெறும் நடன அமைப்பு இல்லை, ஒரு கணக்கு என்பதுதான் ஆபிரகாம் பண்டிதர், விபுலானந்தர் தொடங்கி ராமநாதன் வரை ஆய்வாளர்கள் விளக்கியது. ஏழு ஸ்வரங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, எதை முதல் ஸ்வரமாக எடுக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் பண் மாறும். பண்ணுப் பெயர்த்தல். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கீபோர்டு இருந்தால் போதும், செய்து பார்க்கலாம். வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். 'ஜி'யில் ஆரம்பித்து அடுத்த 'ஜி' வரை போனால் ஹரிகாம்போஜி. செம்பாலை என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொள்வது இதை. 'ஏ'யில் ஆரம்பித்தால் நடபைரவி, படுமலைப்பாலை. 'சி'யில் சங்கராபரணம், அரும்பாலை. 'டி'யில் கரகரப்பிரியா, கோடிப்பாலை. 'ஈ'யில் தோடி, விளரிப்பாலை. 'எஃப்'பில் கல்யாணி, மேற்செம்பாலை. 'பி'யில் மட்டும் பஞ்சமம் சரியாக அமையாமல் இடறும், அது செவ்வழிப்பாலை. என் தொழில் மொழியில் சொன்னால், வரிசையில் இருக்கும் மதிப்புகள் அப்படியே இருக்கின்றன, தொடக்க முகவரியை மட்டும் மாற்றுகிறோம். எல்லாவற்றின் அர்த்தமும் மாறிவிடுகிறது.

ஜாஸ்காரர்களுக்கும் இது வீட்டுப்பாடம். 1959இல் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' செய்தபோது, நிமிடத்துக்கு ஐம்பது கார்டு மாறும் அவசரத்தை விட்டுவிட்டு ஒரே அளவுகோலில் நிதானமாக நின்று பேசலாம் என்றார். அதில் 'ஸோ வாட்' முழுக்கவும் நம் காதுக்குக் கரகரப்பிரியா ஸ்வரங்கள்தான். நடுவில் அரை ஸ்வரம் மேலே ஏறும், பிறகு இறங்கி வந்துவிடும். மைல்ஸின் பள்ளியில் வளர்ந்தவர் மெக்லாக்லின்.

இங்கே ஒரு சபலம் வரும். எனக்கும் வந்தது. 'பாத்தியா, ஜாஸ்காரன் 1959இல கண்டுபிடிச்சத நம்ம ஆய்ச்சியர் மாட்டுக்கொட்டகையிலேயே ஆடிட்டாங்க.' வாட்ஸப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிட்டு நமக்கே திரும்பி வரும். ஆனால் அதே சிலப்பதிகாரத்துக்கு எழுதிய உரைகளில் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளுக்குள் உறவுமுறை சொல்கிறார்கள். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. மேற்கத்திய ஹார்மனி என்ற கட்டடம் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? அந்த மூன்றாவதன்மேல். முதல், மூன்று, ஐந்து மூன்றையும் சேர்த்து அமுக்கினால் கார்டு. பழைய உரை பகை என்று ஒதுக்கிய ஸ்வரத்தை வீட்டு மாப்பிள்ளையாக நடுவில் உட்கார வைத்துக்கொண்ட இசை அது. பண்ணுப் பெயர்த்தலும் கார்டும் ஒன்றல்ல. முன்னதில் தொடக்கம் மாறிவிட்டால் அந்தப் பண் முடியும்வரை அங்கேயே நிற்கும். பின்னதில் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே, நான்கு விநாடிக்கு ஒருதரம் தரை பெயரும். டீச்சர் சொன்னது அதைத்தான்.

நம் கச்சேரிகளிலும் கிரக பேதம் செய்வார்கள். மோகனம் பாடிக்கொண்டே ஒரு கணம் வேறு ராகத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள், சபையில் கைதட்டல் வரும். ஆனால் பின்னால் தம்பூரா அசையாமல் அதே ச-வைச் சொல்லிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் வீட்டு விளக்கு தெரியும்.

'இஸ் தட் ஸோ?' அந்த விளக்கை அணைத்துவிட்டுச் செய்த வேலை. சங்கர் மகாதேவன் தன் பாட்டுக்கு மனதில் தோன்றியபடி பாடுகிறார். 'என்ன சொல்லப் போகிறாய்' பாடி தேசிய விருது வாங்கியவர், அதற்கு முன் மென்பொருள் வேலையை விட்டு ஓடிவந்தவர், அந்த வகையில் எங்கள் இனத்தின் ரகசிய நாயகன். ராகத்தின் கண்டிப்பான விதிகளை மெக்லாக்லின் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் குரலுக்குக் கீழே மேற்கத்திய ஹார்மனியைக் கட்டுகிறார். பாடகர் ஒரு காந்தாரத்தில் நின்று இழைக்கிறார். அது இந்தக் கார்டில் நிம்மதியாக இருக்கிறது, அடுத்ததில் அதே காந்தாரம் வேறு வீட்டில் விருந்தாளி. ஸ்வரம் அசையவில்லை. சில இடங்களில் இது சினிமாத்தனமாக இனிக்கத்தான் செய்கிறது, மறுக்க மாட்டேன். 'தாரா'வில் அந்த இனிப்பு எனக்கு இப்போதும் கொஞ்சம் அதிகம். ஆனால் 'கபீர்' பாடலில் கமகத்தின் வளைவும் கார்டின் திருப்பமும் ஒரே புள்ளியில் வந்து விழும் நேரங்கள் உண்டு. அந்தப் புள்ளியைப் பிடிக்க, பாடகர் ஸ்வரத்தை எங்கே இழுக்கப் போகிறார் என்று விரலில் தெரிந்திருக்க வேண்டும். கார்டு தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருக்கிறார்கள். மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்துப் பழகியவர் அவர்களில் எத்தனை பேர்? 50 வருடத்துக்கு முன் கற்ற பாடம் இங்கே வேகத்தில் தெரியவில்லை, காத்திருப்பதில் தெரிகிறது. என் கணிப்பு இது. இசை படித்தவர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆறாவது பாட்டின் பெயர் 'சத்குர்'. சத்குரு சங்கீத வித்யாலயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் முதலில் பார்த்தபோது திடுக்கிட்டேன்.

சக்தி மறுபடி கூடி, மெக்லாக்லின், ஜாகிர், சங்கர் மகாதேவன் மூவரோடு வயலின் கணேஷ் ராஜகோபாலன், விக்குவின் மகன் செல்வகணேஷ் என்று 2023இல் 'திஸ் மொமென்ட்' வெளியிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி. அந்த ஒரே இரவில் ஜாகிர் உசேனுக்கு மட்டும் மூன்று. அதே வருடம் டிசம்பர் 15, சான் பிரான்சிஸ்கோவில் அவர் இறந்தார், 73 வயது. அவரைவிட ஒன்பது வயது மூத்தவர் மெக்லாக்லின்.

அந்த வாரம் நான் மதுரையில் இருந்தேன். டீச்சரே கூப்பிட்டார். "தம்பி, அன்னைக்கு மாடில போட்டியே, அதக் கொண்டா." ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் வீணை உறை போட்டபடி சுவரோரம். 'சத்குர்' போடச் சொன்னார், பெயருக்காகத்தான் என்று நினைக்கிறேன். பாட்டு தொடங்கியதும் அலமாரியிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்தார், எலெக்ட்ரானிக் பெட்டி. குமிழைத் திருகித் திருகிப் பாடகரின் ச-வைப் பிடித்துவிட்டார். ஒரு நிமிடம் எல்லாம் பொருந்தி ஓடியது. டீச்சர் முகத்தில் ஒரு வெற்றி. பிறகு கிதார் நகர்ந்தது. பெட்டியின் பஞ்சமம் அந்தக் கார்டோடு போய் இடித்தது, பல்லில் மண் கடித்த மாதிரி. இன்னொருதரம் இடித்தது. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ராமநாதன் சார் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன்.

"பேசாம கேளு" என்றார். கை நீட்டிச் சுருதிப் பெட்டியை அணைத்தார். தபலா கேட்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.